நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி

அன்புள்ள கதிரேசா,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். மூன்று பேர் என்று எழுதியிருப்பதைக் கவனித்துக்கொள். அப்பா, நான், உன் வேலு மாமா. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பம்பாயிலிருந்து மாற்றல் கிடைத்துவிட்டது, தை பிறந்ததும் மந்தைவெளி வீட்டுக்கே குடும்பத்தோடு வந்துவிடுகிறோம் என்ற வரியைக் கேட்டதும் எனக்கு அடுப்படியில் இருப்புக் கொள்ளவில்லை. என் பேத்தி தன் காலால் நடந்து இந்த வாசற்படி ஏறப்போகிறாள். அவள் உட்கார்ந்திருக்கிற போட்டோவைக் குழாயடியில் நான் காட்டாத ஆள் கிடையாது. கண் உங்க கண்ணுதான் என்று பால்காரர் சொன்னார். நெற்றியும் என் நெற்றிதான் என்று நானே எடுத்துச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன்.

அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாய். உன் மாமனார் வீட்டில் யாரோ சொன்னார்களாம், வேலு மாமா மேல் போலீஸ் கேஸ் இருந்தது, புத்தி சரியில்லை என்று கோர்ட்டே எழுதிவைத்த ஆள் என்று. கமலா பயப்படுகிறாள், சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி ஒரே வீட்டில் இருப்பது, நாங்கள் வருவதற்குள் மாமாவை வேறு எங்கேயாவது வைக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். மரியாதையாகத்தான் கேட்டிருந்தாய். எனக்குக் கோபம் இல்லை கதிரேசா, வெட்கம்தான். அந்தக் கேஸ் நடந்த சமயம் நீ பாளையங்கோட்டையில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். மாமாவுக்கு மஞ்சள் காமாலை, இளைத்துப் போயிருக்கிறான் என்று உனக்கு எழுதிப் போட்டவள் நான். லீவுக்கு நீ வரும்போது அவனை மாடி அறையில் இருக்கச் சொன்னவளும் நான். பெற்ற தாய் சொல்லாமல் மறைத்ததை ஊரார் வாயால் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? உன் பயம் நான் ஊட்டியது. அதை நான்தான் எடுக்க வேண்டும். அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. கமலாவுக்கும் படித்துக் காட்டு. இதில் அவள் கேட்கக்கூடாதது ஒன்றும் இல்லை.

மதராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்த வருஷம் அது. வேலு அப்போது தி. நகரில் நம் ஊர்க்காரர் ஒருவருடைய ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தான். கடை வாசலிலேயே காதர் பாய் தையல் மெஷின் போட்டிருந்தார். நமக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாரே, அவர்தான். இரண்டு பேரும் காலையில் ஒரே பஸ்ஸில் போய் சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். ஆடி மாதத் தள்ளுபடி சமயம் வேலு ஒரே துணியை மூன்று தரம் நான்கு தரம் அளக்க ஆரம்பித்தான். யாரோ அளவுகோலை மாத்துதாங்க யக்கா என்று என்னிடம் சொன்னான். கடையில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு சாப்பாடு குறைந்தது. தூக்கம் போயிற்று. பாயின் மெஷின் ஓடுகிற சத்தம் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறது என்றான். அப்போதும் நான் கண் திருஷ்டி கழித்தேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒரு நாள் மத்தியானம், கடை நிறைய ஜனம் இருக்கும்போது, வேலு எழுந்து போய் பாயை ஸ்டூலோடு தள்ளிவிட்டான். அவர் மெஷினின் இரும்புக் கால் மேல் விழுந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. தையல்காரருக்கு வலது மணிக்கட்டு என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போலீஸ் வந்தது. சைதாப்பேட்டை கோர்ட்டில் நிறுத்தினார்கள். மாஜிஸ்திரேட் என்ன கேட்டாலும் வேலு மேலே சுற்றுகிற விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றான். உடனே அவர் விசாரணையை நிறுத்திவிட்டு, டாக்டர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். சில வாரம் கழித்து டாக்டர் எழுதிய காகிதம் வந்தது. நம் வக்கீலின் குமாஸ்தா அதை எனக்குத் தமிழில் சொன்னார்: தன் மேல் என்ன குற்றம் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு தன் பக்கத்தைச் சொல்லும் நிலையில் இந்த ஆள் இல்லை, அந்த நிலை வரும்வரை இவர் மேல் வழக்கு நடத்தக்கூடாது. நான் இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான். கோர்ட் என்றால் தண்டிக்கிற இடம் என்றுதான் எனக்குத் தெரியும். துணி அளக்கிற ஒரு வேலாயுதத்துக்குப் புத்தி திரும்பட்டும் என்று அவ்வளவு பெரிய கோர்ட் கேஸ் கட்டை மூடிவைத்துவிட்டுக் காத்திருக்கும் என்று யார் நினைத்தார்கள்? அன்றைக்கு அந்த வராந்தாவில் என் உடம்பு சிலிர்த்ததை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

காத்திருப்பது எங்கே என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரியிலேயே அடைத்து வைக்கலாம். அல்லது யாராவது பொறுப்பு எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பலாம். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயது, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. இங்கே கட்டிலுக்கு மேல் ஆள் இருக்கிறார்கள் அம்மா, மருந்து நான் தருகிறேன், ஆனால் வேளைக்குச் சாப்பாடு, பேச ஆள், நடக்க ஒரு தெரு, இதெல்லாம் என் மருந்துப் பெட்டியில் இல்லை என்றார். அப்பா முதலில் சம்மதிக்கவில்லை. நாளைக்கு அவன் வேறு யாரையாவது தள்ளினால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீ இப்போது கேட்பதும் அதே கேள்விதான். வீடு என் பெயரில் இருந்ததால் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், அவனுக்கும் மற்றவர்களுக்கும் அவனால் தீங்கு வராமல் காக்கிறேன், கோர்ட் கூப்பிடும்போதெல்லாம் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று மூன்று வாக்கு. அதற்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்டது ரேஷன் கார்டிலும் உன் பள்ளிக்கூட மார்க்குச் சீட்டிலும்தான். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம் போல இடம் விட்டுப் போட்டேன். பக்கத்தில் அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மூன்றில் ஒன்று தவறினாலும் அவன் உள்ளே போய்விடுவான், பிறகு எப்போது வெளியே வருவான் என்று யாரும் சொல்ல முடியாது என்று குமாஸ்தா எச்சரித்தார்.

மறைக்காதீர்கள் என்பது டாக்டரம்மாவின் முதல் கட்டளை. அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தால்தான் நாலு பேரும் பார்த்துக்கொள்வார்கள், அடிபட்டவருக்கு முதலில் சொல்லுங்கள் என்றார். நான் காதர் பாய் வீட்டுக்குப் போனேன். கை மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் தம்பியை என் பொறுப்பில் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தெருவுல மட்டும் அவன் வர வேணாம் தங்கச்சி," என்றார். "எந்நேரம் வெளிய போவான், எந்நேரம் வீட்டுல இருப்பான்னு சொல்லிடுங்க. நான் அதுக்குத் தோதா போய்க்கிறேன்."

அடிபட்ட மனிதர் தன் நடையை மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. அன்றிலிருந்து வேலு தினமும் நாலு மணிக்குத் தெப்பக்குளம்வரை நடந்து ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும், காதர் பாய் தெரு வழியாகப் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாள்கூட நாங்களும் தவறவில்லை, அவரும் தவறவில்லை.

அடுத்தது ரிக்‌ஷாக்காரர் கன்னியப்பன். கூட்டத்தைப் பார்த்தால் வேலு நடுங்குவான் என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் லஸ் முனை பஸ்வரைக்கும் கன்னியப்பன் வண்டிதான். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அட இன்னாம்மா நீ. என் வண்டில குந்தறவன்ல பாதி பேரு தனக்குத்தானே பேசிக்கினு தான் வரான். உன் தம்பி அதுக்கு மருந்தாவது துன்றாரு," என்றார். பிறகு வேலுவைப் பார்த்து, "ஏறு நைனா, ராசா மாதிரி குந்து," என்றார். இரண்டு மாதமாக வாயே திறக்காதவன் வண்டியில் ஏறும்போது லேசாகச் சிரித்தான். நாலு மணி நடைக்கும் கன்னியப்பன், சவாரி இல்லாத நாளில், பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போவார்.

இப்படியெல்லாம் எழுதினால் எல்லோரும் நல்லவர்களாகி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. குழாயடியில் தன் குழந்தையை இழுத்துக்கொண்டு விலகிப் போனவர்களும் உண்டு. மாத்திரை தின்றால் வேலுவுக்குக் கை நடுங்கும், எச்சில் வழியும், உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவான். பார்க்கப் பொறுக்காமல் நானே மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். பத்தே நாளில் சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டான். டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், நடுக்கத்துக்கு வேறு மாத்திரை இருக்கிறது அம்மா, என்னிடம் கேட்டிருக்கலாமே என்றார். அவ்வளவுதான். மனசு என்பது கண்ணுக்குத் தெரியாத வஸ்து. அதை ஒரு வெள்ளை மாத்திரை, அதுவும் கொத்தமல்லி விதையளவு, பிடித்து நிறுத்துகிறது. சாமி கும்பிடும்போது என்ன தோன்றுமோ அது அந்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போதும் எனக்குத் தோன்றும். இன்றைக்கும் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். இதுவரை அப்பாவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. எனக்குப் படிப்பு வந்ததே மனப்பாடத்தில்தான். எங்கள் வாத்தியார் அர்த்தம் சொல்ல மாட்டார். வரிசையாக ஒப்பித்தால் பாஸ். சைதாப்பேட்டையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாய்தா வரும். மாஜிஸ்திரேட் வேலுவிடம் ஏதாவது கேட்பார், அவன் முழிப்பான், மறுபடி மூன்று மாதம். இதையும் நான் பரீட்சை என்றே நினைத்துவிட்டேன். பதில் சொல்லிவிட்டால் பாஸ், கேஸை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நினைப்பு. அதனால் வேலுவை அடுப்பங்கரையில் உட்காரவைத்து, கீரை ஆய்ந்துகொண்டே, வாய்ப்பாடு மாதிரிப் பாடம் எடுத்தேன். உன் பேர் என்ன? வேலாயுதம். தகப்பனார் பேர்? பொன்னையா. வயசு? இருபத்தொன்பது. இது என்ன இடம்? கோர்ட். எதுக்கு வந்திருக்கே? கேஸுக்கு. செய்தது என்ன? தப்பு. ஒரு மாதத்தில் கடகடவென்று ஒப்பித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாய்தா அன்றைக்கு அவனுக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, விபூதி பூசி அழைத்துப் போனேன்.

மாஜிஸ்திரேட் அவனைப் பார்த்தார். முகம் தெளிவாக இருந்ததால் அவரே கொஞ்சம் அன்பாக, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

"வேலாயுதம்," என்றான்.

"பஸ்ஸிலயா வந்தீங்க?"

"பொன்னையா."

"வெளியில வெயில் அதிகமோ?"

"இருபத்தொன்பது."

பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் நான் செத்துப்போனேன். வேலுவும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்தான். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. சிரித்தவர்களை ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது. பிறகு, இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். எழுதிக் கொடுத்த பொறுப்பை ரத்து செய்து இங்கேயே அவனைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"அம்மா, இவருக்குப் புரியுதுன்னு நான் இன்னிக்கு எழுதிட்டா, நாளைக்கே கேஸ் நடக்கும். தன் தரப்பைச் சொல்லத் தெரியாத மனுஷனைக் கூண்டுல நிறுத்தி வச்சு நடக்கும். தண்டனைகூட வரலாம். அதுவா உங்களுக்கு வேணும்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பாத்துக்கறேன்னுதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. பாடம் சொல்லித் தரேன்னு இல்ல. போய் அவரைப் பாத்துக்குங்க. அவராச் சொல்ற நாள் வரட்டும்."

மறுபடி மூன்று மாதம் வாய்தா கொடுத்தார். பொறுப்பு என்னிடமே இருந்தது. வெளியே வந்ததும் வேலு, "யக்கா, நான் சரியாச் சொன்னேனா?" என்று கேட்டான். சரியாச் சொன்னே ராசா என்றேன். திரும்பும் வழியெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். கன்னியப்பன் லஸ்ஸில் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். கதிரேசா, நீயும் உன் மகளுக்கு நாளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாய். பதிலை அவள் வாயில் வைக்காதே. அவளுக்குள்ளே அது வருகிறதா என்று காத்திருந்து பார். காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நான் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பாடத்தை விட்டுவிட்டேன். கீரை ஆய்ந்தால் அவனும் கூட உட்கார்ந்து ஆய்வான். பேசினால் பேசுவேன், பேசாவிட்டால் நானும் பேசமாட்டேன். வருஷம் ஒன்று திரும்பிற்று. ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும், நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வாழைப்பூவை மடல் மடலாக உரித்துக்கொண்டிருந்தவன் தலை நிமிராமலே கேட்டான்.

"யக்கா, காதர் பாய்க்குக் கை சேந்துட்டா?"

புளி கரைத்த கையோடு நின்றுவிட்டேன். இந்தக் கேள்வியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மாஜிஸ்திரேட் கேட்கவில்லை. டாக்டரம்மா கேட்கவில்லை. எங்கே போயிருந்ததோ அந்த இடத்திலிருந்து அவன் புத்தி தானே நடந்து வந்து, வந்ததும் முதல் வேலையாக இன்னொருத்தர் கையைப் பற்றி விசாரிக்கிறது. உன்னைப் பெற்று முதல் அழுகையைக் கேட்டபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது எனக்கு. ஆனால் பழைய புத்தி விடுமா? சேந்துட்டு ராசா, நல்லாச் சேந்துட்டு என்று சொல்லிவிட்டேன்.

"நீ பாத்தியா?" என்றான்.

பார்க்கவில்லை. மாதக்கணக்காக அந்தப் பக்கமே போகவில்லை. அன்று மத்தியானமே போனேன். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. மெஷின் ஓட்டுகிறார், ஆனால் கத்தரி பிடித்துக் கனத்த துணி வெட்ட முடியவில்லை, மச்சினர்தான் வெட்டிக் கொடுக்கிறார். வேலு விசாரித்தான் என்று சொன்னேன். நிஜமாவா, அவனா கேட்டானா என்று பாய் இரண்டு தரம் கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்ததைப் பார்த்தபடி வேலுவிடம் சொன்னேன். அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அய்யோ, நோய் திரும்பிவிட்டது, உண்மையைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா அவனோடு தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்தார்.

"பயப்படாதீங்கம்மா. இது நோயில்ல. இது வருத்தம்," என்றார்.

வருத்தப்படுவதும் ஆரோக்கியத்தில் சேர்த்தி என்று எனக்கு அதற்குமுன் யாரும் சொன்னதில்லை.

அடுத்த வாய்தாவில் நான் சட்டையைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான். டாக்டரம்மாவின் காகிதத்தைப் படித்த மாஜிஸ்திரேட், எதற்காக இங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வேலு கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"காதர் பாயை நான் தள்ளினேன் ஐயா. அவர் கை ஒடிஞ்சுபோச்சு. அப்ப அவர் என்னைத் திட்டுதாருன்னு எனக்குக் கேட்டுது. அவர் திட்டல. இப்பத் தெரியுது. தள்ளினது நான்தான்."

அன்றைக்கு வேலு விசிறியைப் பார்க்கவில்லை. அன்று கோர்ட்டுக்கு வந்திருந்த பாய் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். இவருக்கு இப்போது புரிகிறது, வழக்கை நடத்தலாம் என்று மாஜிஸ்திரேட் எழுதினார். எந்த வரிக்காக நான் ஏமாற்றுப் பாடம் எடுத்தேனோ, அதே வரி. அது வந்தபோது எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தது. இனி தண்டனையும் வரலாம் அல்லவா? இரண்டு தரப்பும் சமாதானமாகி ராஜியாகப் போக விருப்பம் உண்டா, கோர்ட் அனுமதி கொடுக்கும் என்று காதர் பாயைக் கேட்டார்கள். அவர் எழுந்து கோணல் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் கை பழையபடி வராது ஐயா. மனசுல ஒண்ணுமில்லைன்னு சொன்னா அது பொய். ஆனா இவனை உள்ள வச்சா என் கை நேராகப் போறதில்ல. இவ்வளவு நாள் இவனும் ஒழுங்கா இருந்தான், இவங்க அக்காவும் சொன்ன சொல் தப்பல. எனக்கு ராஜி சம்மதம்."

அதோடு வழக்கு முடிந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் சிநேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் பாய் கன்னியப்பனிடம் சொல்லி அனுப்பினார், இனிமே அவன் எங்க தெரு வழியாவே போகலாம், சுத்திக்கிட்டுப் போக வேணாம் என்று. வேலு முதல் நாள் அந்தத் தெருவில் நடந்தபோது பாய் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போகவில்லை. அது போதும் என்றான் வேலு.

கமலாவுக்குத் தெரிய வேண்டியதை ஒளிக்காமல் சொல்கிறேன். மாமா இன்றைக்கும் மருந்தில்தான் இருக்கிறான். இப்போது மாத்திரையோடு மாதம் ஒரு ஊசியும் வந்திருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் நோட்டுப் புத்தகம் தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறான். வழக்கு முடிந்த பிறகு இரண்டு தடவை நோய் தலைகாட்டிற்று. இரண்டு தடவையும் முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, அப்பா இல்லை. அவனே வந்து, யக்கா மூணு நாளாச் சரியாத் தூக்கம் வரல, டாக்டரம்மாகிட்டப் போவோம் என்றான். மூன்றாவது தடவை வராது என்று நான் எழுதித் தர மாட்டேன். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கமலாவுக்கும் சொல்லித் தருகிறேன். குழந்தையை அவனிடம் தனியாக விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழகும்வரை அவள் பயப்படட்டும், அதில் தப்பில்லை. காதர் பாயும் வருஷக்கணக்கில் பயந்தார். எனக்கும் வயதாகிறது. கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த பொறுப்பு வழக்கு முடிந்த அன்றோடு தீர்ந்துவிட்டது. மற்றது எனக்குள்ளேதான் இருக்கிறது. அதை உன் தலையில் கட்டவும் நான் இதை எழுதவில்லை. தெரிந்துகொண்டு முடிவு செய். தெரியாமல் செய்யாதே.

கடைசியாக ஒன்று. இரண்டு வருஷமாக எனக்குக் கண் மங்கல். பெரிய எழுத்தாக எழுத முடிகிறது, உன் எறும்பு எழுத்தைப் படிக்க முடிவதில்லை. அப்பாவுக்கும் அதே கதை. உன் கடிதங்களை எங்களுக்குப் படித்துக் காட்டுவது வேலுதான். செவ்வாய்க்கிழமை வந்ததையும் அவன்தான் படித்தான். மாற்றல் விஷயம், பேத்தி நடக்கிறாள் என்ற விஷயம் எல்லாம் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். தன்னைப் பற்றிய வரிகளையும் ஒரு வார்த்தை விடாமல், குரல் மாறாமல், அதே வேகத்தில் படித்தான். விட்டுவிட்டுப் படித்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. படித்து முடித்து மடித்து என் கையில் கொடுத்தான். அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் வேலுவைப் பார்த்து, என்னல பதில் எழுத, நீயே சொல்லு என்றேன்.

"அவன் கேக்கது நியாயம்தான் யக்கா. பதிலை நீயே எழுது," என்றான். கொஞ்சம் சிரித்தான். "நான் சொல்லித் தர மாட்டேன்."

அதனால் இது நானாக எழுதியது. ஐந்து நாள் ஆயிற்று. பிழை இருக்கும், அவனிடம் திருத்தக் கொடுக்கவில்லை. யோசித்து, கமலாவிடமும் கேட்டு, நீயும் பதில் எழுது. எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எழுது. அதையும் அவன்தான் எனக்குப் படித்துக் காட்டுவான்.

உன் அம்மா